மேகம் மேய்க்கிறவள்

"இது மனுஷன் வரைஞ்சதே இல்ல. சுத்தமான மெஷின்" என்று போனில் தட்டிவிட்டுத் தலையணையில் சாய்ந்துகொண்டாள் கழுகுக்கண்.

அந்த ஓவியக் குழுவில் அவளுக்கு அதுதான் பெயர். கொம்பு முளைத்த ராணி, மீன் வால் வைத்த காவல்காரன் என்று அவரவர் மனதில் தோன்றும் கற்பனை ஆட்களைக் கையால் வரைந்து போடுகிறவர்களின் குழு. ஏஐ-யிடம் படத்தை வாங்கி, தான் வரைந்ததாகச் சொல்லிக்கொண்டு யாராவது உள்ளே நுழைந்தால் அவள் விடமாட்டாள். நிழல் விழும் திசையை வைத்தே பிடித்துவிடுவாள். ஆள் பிடிக்கிற மும்முரத்தில் அவளே வரைந்து ரொம்ப நாளாகிவிட்டது என்பது வேறு விஷயம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாட்டியவர் 'புதுமுகம்'. போட்டிருந்த முதல் படமே அதுதான். தலைப்பு, 'மேகம் மேய்க்கிறவள்'. ஆட்டு மந்தையை ஓட்டுகிற மாதிரி ஒரு பெண் வானத்தில் மேகங்களை ஓட்டிக்கொண்டு போகிறாள்.

வானம் அபாரம். நீலம் எங்கே ஊதாவாகிறது, ஊதா எங்கே ஆரஞ்சாகிறது என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. அப்படி ஒரு வழவழப்பு.

ஆனால் அந்தப் பெண்ணுக்கு வலது கையில் ஆறு விரல். இரண்டுமே இடது கால். இறக்கை கழுத்திலிருந்து கிளம்பியிருந்தது.

"வானத்தை இப்படிப் போடத் தெரிஞ்சவங்களுக்கு விரலை எண்ணத் தெரியாதா?" என்று கேட்டாள்.

குழுவே சிரித்து உருண்டது. "இப்பல்லாம் மெஷினே விரலைச் சரியா எண்ணுது. இது ரொம்பப் பழைய மெஷின் போல" என்றார் ஒருவர்.

புதுமுகத்திடமிருந்து பதில் வந்தது. "நானே வரைஞ்சதுதாம்மா. பொய் சொல்லல."

"அப்ப பென்சில்ல போட்ட முதல் படம் எங்க? பக்கத்துல உங்க கையை வெச்சு போட்டோ எடுத்துப் போடுங்க. இங்க அதுதான் ரூல்."

"அழிச்சு அழிச்சு ஓட்டை விழுந்துடுச்சு. கிழிச்சுப் போட்டுட்டேன்."

"எல்லாரும் சொல்ற கதைதான். அரை மணி நேரம் தர்றேன். ஒரே ஒரு கையை வரைஞ்சு காட்டுங்க. இல்லன்னா நடையைக் கட்டுங்க."

இனி சத்தமே இருக்காது என்றுதான் நினைத்தாள். இருபது நிமிஷத்தில் போட்டோ வந்துவிட்டது.

ரப்பர் தேய்த்துத் தேய்த்து மெலிந்துபோன தாள். அதில் ஒரு கை. மறுபடியும் ஆறு விரல். பக்கத்தில் பென்சில் பிடித்த, கணு பெருத்த ஒரு நிஜக் கை.

கழுகுக்கண் அது எதையும் பார்க்கவில்லை. தாளுக்கு அடியில் இருந்த மஞ்சள் மேஜை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் ஓரத்தில் இஸ்திரிப் பெட்டி வடிவத்தில் ஒரு கருகல். போன மாசம் அவளே தெரியாமல் சுட்டது.

அந்த மேஜை அவள் அறைக்கு வெளியேதான் இருந்தது.

கதவைத் திறந்தாள். மாமனார் அவசரமாகச் செய்தித்தாளை இழுத்து எதையோ மூடினார். மூன்று மாசத்துக்கு முன்னால்தான் இவர்களோடு இருக்க வந்தவர். "சாப்டீங்களா மாமா?", "ஆச்சும்மா" என்பதைத் தாண்டி இரண்டு பேருக்கும் பேச்சு வளர்ந்ததே இல்லை.

"என்ன பண்றீங்க மாமா?"

"சும்மா பேப்பர் படிச்சிட்டு இருக்கேம்மா."

பென்சில் இன்னும் கையிலேயே இருந்தது. அவள் மெல்லச் செய்தித்தாளை நகர்த்தினாள்.

"ஆறு விரல் இருக்கே மாமா."

"சரியாத்தானேம்மா இருக்கு? அஞ்சு விரல், அப்புறம் ஒரு கட்டைவிரல்."

சொல்லிவிட்டுத் தன் கையைப் பார்த்தார். ஒவ்வொன்றாக மடக்கி எண்ணினார். முகம் மெதுவாக மலர்ந்தது.

"இத்தனை வருஷமா கூடவே இருந்த கை. இன்னிக்குத்தான் எண்ணிப் பாக்கறேன்."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாற்காலியில் சாய்த்து வைத்திருந்த அட்டையில் அந்த வானம் பளபளத்தது.

"இந்த வானத்தை எப்படி மாமா போட்டீங்க?"

"காலமெல்லாம் காருக்குப் பெயின்ட் அடிச்ச கைம்மா. கலர் தானா வந்துடுது. ஆளுதான் வரமாட்டேங்குது."

"திடீர்னு வரையணும்னு எப்படித் தோணுச்சு?"

அவர் ரப்பர் துகள்களை ஊதிவிட்டார். "நீ கதவைச் சாத்திக்கிட்டு வரைஞ்சுக்கிட்டே இருப்பேன்னு உன் புருஷன் சொன்னான். உங்கிட்ட என்ன பேசறதுன்னே எனக்குத் தெரியல. நாலு கோடு போடக் கத்துக்கிட்டா அதைப் பத்தியாவது பேசலாமேன்னு நெனச்சேன்."

அவள் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பென்சிலை வாங்கி அந்தக் கையின் மேலேயே மெல்லிய கோடுகள் இழுத்தாள். ஒரு விரல் காணாமல் போனது. மற்ற ஐந்தும் மேகம் மேய்க்கும் கோல் ஒன்றைப் பிடித்துக்கொண்டன.

"அடேயப்பா" என்றார் மாமனார். ஒரு சின்னப்பிள்ளை மாதிரி மேஜையின் மேல் குனிந்து பார்த்தார். "இவ்வளவு நல்லா வரைவியா நீ? இதையெல்லாம் ஊரு உலகம் பாக்கற மாதிரி போடலாமில்ல?"

"மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்…"

"இரு, முதல்ல நான் சொல்றதைக் கேளு." கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நீ எங்க வேணும்னாலும் போடு. ஒரு குழுவுல மட்டும் போட்டுடாத. அங்க கழுகுக்கண்ணுன்னு ஒரு பொம்பள இருக்கா. என்னை என்ன வேணா சொல்லட்டும், நான் தாங்கிக்குவேன். நீ தாங்க மாட்டம்மா."