நாலு விரல்

மாதாமாதம் ஊசி போட்டுக்கொண்ட மறுநாள் எபனேசர் தரையில் உட்கார்ந்து சுவரோடு முதுகை ஒட்டுவான். தலை மட்டும் சுவரை எட்டாது. முன்பெல்லாம் அங்கேதான் தலை சாய்த்து டிவி பார்ப்பான். அந்த எண்ணெய்க் கறை இன்னும் சுவரில் இருக்கிறது. இறுகிப்போன முதுகெலும்பு இனி நிமிராது, மேலும் இறுகுவதை ஊசி தாமதப்படுத்தும், அவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்றும் மனைவி ஜெசிந்தா பக்கத்தில் மண்டியிட்டு, கறைக்கும் தலைக்கும் நடுவே விரல்களை அடுக்கிப் பார்த்தாள்.

“அதே நாலு விரல்தாங்க. கூடல.”

“குறையவும் இல்ல.”

“கூடாம இருந்தாலே போதும்னாருல்ல டாக்டர்.”

அவள் கையை எடுக்கப் போனாள்.

“இருக்கட்டும்” என்றான்.

தலையின் கனம் மெல்ல அவள் விரல்களில் இறங்கியது. கை மரத்துப்போன பிறகும் அவள் எடுக்கவில்லை.