அறிவுள்ள ஓட்டு

பாரத தேசத்து வாக்காளனின் கண்ணைத் திறந்துவைக்கவே தாம் பிறவி எடுத்ததாக ஞானதுரை நம்பினார். முதல் பொதுத்தேர்தலன்று காலை ஒன்பது மணி வரைக்கும் இலஞ்சியில் ஒரு கண்ணும் திறந்தபாடில்லை.

ஓய்வுபெற்ற சப்-ரிஜிஸ்திரார்; சட்டசபைக்குச் சுயேச்சை வேட்பாளர். வாக்குச்சாவடிக்குப் போகும் சாலையில், சட்டம் சொன்ன தூரத்துக்கு ஒரு முழம் தள்ளியே நின்று, தாம் எழுதிய இருபத்துநாலு பக்க 'வாக்காளர் அறிவு விளக்க'த்தை வருகிறவர் கையிலெல்லாம் திணித்துக்கொண்டிருந்தார். பத்துக் கேள்விக்குப் பதில் சொன்னவனுக்கே ஓட்டுச் சீட்டு தர வேண்டும் என்பது ஏழாம் பக்கம். நல்ல தாள், வாங்கியவர்கள் அதில் வெற்றிலை மடித்துக்கொண்டார்கள்.

களை பறிக்கும் ஆவுடைத்தாய் வந்தாள். பின்னாலேயே அவள் தெருப் பெண்கள் முப்பது பேர்.

"ஐயா, எங்க தெரு ஓட்டு பூரா ஒங்களுக்குத்தான்னு பேசி வச்சிருக்கோம். எங்களுக்கு மனு எழுதிக் குடுத்தவருல்லா நீங்க! ஒங்க பெட்டியில என்ன படம் ஒட்டியிருக்கு? அதை மட்டும் சொல்லிருங்க."

ஞானதுரைக்கு நெற்றி நரம்பு புடைத்தது. "படமா? ஏட்டி, ஓட்டுப் போட வந்தியா, பொம்மை வாங்க வந்தியா? பதினோராம் பக்கத்துல எங்கொள்கை இருக்கு. யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளு."

"கொள்கை கெடக்கட்டும்யா. ஆறு பேருக்கும் ஆறு பெட்டியாம். பேரு கெடையாதாம், படம் மட்டுந்தானாம். நாங்க எதுல சீட்டைப் போட?"

"படத்தைப் பாத்து ஓட்டுப் போடுத ஜென்மம் எனக்குப் போடவே வேண்டாம்!"

"வாட்டி, போவோம்" என்று கூட வந்த சங்கரம்மாள் ஆவுடைத்தாயின் கையைப் பிடித்து இழுத்தாள். "ஏணிப் படத்துக்காரரு நேத்து வந்து கும்பிட்டாவது போனாரு. இவரு என்னமோ நாம பொண்ணு கேட்டு வந்த மாதிரில்லா வெரட்டுதாரு!"

முப்பது ஓட்டும் சிரித்துக்கொண்டே நடந்து போயிற்று. ஞானதுரைக்கு அதில் வருத்தம் இல்லை, பெருமை. தாலுகா ஆபீஸ் குமாஸ்தா எந்தச் சின்னம் வேண்டுமென்று படங்களை நீட்டியபோதே, "இந்தச் சின்னப்பிள்ளை வெளையாட்டையெல்லாம் நீரே பாத்துக்கிடும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டு வந்தவர் அவர்.

பிறகு அங்கவஸ்திரத்தை உதறிப் போட்டுக்கொண்டு, தம் ஓட்டைப் போட வரிசையில் போய் நின்றார்.

முன்னால் போன பெண்களில் ஒவ்வொருத்தியும் ஆறு பெட்டிகளும் இருந்த சாக்குத் திரைக்குள் நுழைந்து, ஒரு கொட்டாவி விடும் நேரத்தில் வெளியே வந்தாள். ஞானதுரை கடிகாரத்தைப் பார்த்து டைரியில் எழுதினார்: 'தலைக்கு அரை நிமிஷம். சிந்தனை பூஜ்யம்.'

அவர் முறை வந்தது. தேர்தல் அதிகாரி சேக் மைதீன் நீட்டிய சீட்டை இரு கையாலும் வாங்கினார். "சிந்திக்கிறவன் ஓட்டுப் போட எவ்வளவு நேரம் பிடிக்கும்னு இன்னைக்கு எல்லாரும் பாக்கட்டும்" என்று ஊருக்கே கேட்கச் சொல்லிவிட்டுத் திரைக்குள் போனார்.

எல்லாரும் பார்த்தார்கள். இரண்டு நிமிஷம், ஐந்து நிமிஷம். பத்தும் ஆயிற்று.

"ஏலே, உள்ள தூங்கிட்டாரா?" என்றது வரிசை.

"ஆறு பெட்டிக்கும் அறிவு வெளக்கம் வாசிச்சிக்கிட்டு இருக்காரு போல!"

சேக் மைதீன் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். "ஐயா, ஒடம்புக்கு ஏதும் முடியலியா?"

சாக்கு விலகியது. தலை மட்டும் வெளியே வந்தது, வேர்வை வழிய. சாலையில் முழங்கிய அந்தக் குரல் இப்போது சேக் மைதீன் காதுக்கு மட்டும் கேட்டது.

"தம்பி, இதுல எம்பெட்டி எது?"