துணிக்கொடியில் கட்டிய கம்பி

தன் பழைய வால்வு ரேடியோக்களில் பாட்டுக் கேட்க, ஞானதாஸ் சின்னதாக ஒரு ஏ.எம். டிரான்ஸ்மிட்டரைத் தானே செய்தார். ஆன்டெனாக் கம்பியை மொட்டைமாடித் துணிக்கொடியோடு சேர்த்துக் கட்டினார். அது மனைவி ரோஸ்மேரியின் கொடி; மறுமுனை பக்கத்து வீட்டு ஆண்டனிராஜின் சுவரில் இருந்தது. ரோஸ்மேரி இறந்து இரண்டு வருஷம் ஆகிறது.

மூன்றாம் நாள் நாகல் நகர் கடைவீதியில் ஆண்டனிராஜ் அவரை நிறுத்தினான்.

"மதினி குரலையும் போடுறீங்களே, நல்லதுண்ணே. நீங்க சரிபண்ணிக் குடுத்த ரேடியோவுல தெனமும் நாலு மணிக்கு வந்துர்றாங்க. அம்புட்டுப் பேச்சு!"

"நான் போடுறது வெறும் பாட்டுதான்பா. அவ பேசுன டேப்பு ஒண்ணுகூட எங்கிட்ட இல்லையே."

மறுநாள் ஞானதாஸ் டிரான்ஸ்மிட்டரை அணைத்தார். கம்பியை அவிழ்த்துச் சுருட்டி வைத்தார். நாலு மணிக்குப் பக்கத்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார்.

உள்ளே ரேடியோவில் ரோஸ்மேரி சிரித்துக்கொண்டிருந்தாள். முப்பத்தோரு வருஷத்தில் அவரிடம் அவள் அப்படிச் சிரித்ததே இல்லை. அவர் நிலைப்படியில் கால் வைத்ததும் சிரிப்பு நின்றது.

"அவரு வந்துட்டாரு," என்றாள், குரலைத் தாழ்த்தி. "ரேடியோவ அமத்திருங்க தம்பி."

ஆண்டனிராஜ் அவர் முகத்தைப் பார்க்காமல் குமிழைத் திருகினான்.