பன்னிரண்டாவது தட்டு

நிருஷா வாசற்கதவை முதுகால் தள்ளிச் சாத்தினாள். வெளியே நின்றவன் மறுபடியும் மணியை அழுத்தினான்.

“பத்து நிமிடம். பிறகு பொலிசைக் கூப்பிடுவேன்!” ஜெர்மனில் கத்தினான்.

எதிர்வீட்டு ஹெர் கெர்லாக்கின் மகன். மியூனிக்கிலிருந்து நேற்றுத்தான் டோர்ட்மண்டுக்கு வந்திருந்தான். வந்ததிலிருந்து இது நாலாவது தடவை. ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா கேட்கிறாராம், உடனே வேண்டுமாம்.

கேட்பது ஒரு பீங்கான் தட்டு.

ரஷ்யத் தட்டு. நூற்றைம்பது வருடப் பழசு. மொத்தம் பன்னிரண்டு, எல்லாவற்றிலும் பட்டாளம். பீரங்கி இழுக்கிறவர்கள், முரசு அடிக்கிறவர்கள் என்று பதினொன்று அவன் அடுக்கிய பெட்டிக்குள் போய்விட்டன. வெள்ளைக் குதிரையில் வாளோடு பாய்கிறவன் மட்டும் நிருஷாவின் வீட்டுச் சமையலறையில்.

திருட்டென்று ஒரு முறைப்பாடு போதும். மூன்று வருடமாக இழுபட்ட குடியுரிமை விண்ணப்பம் அப்படியே நின்றுவிடும். அலுவலகத்தில் கடைசி டெர்மின், நேர்முகச் சந்திப்பு, வருகிற செவ்வாய்க்கிழமை.

சமையலறைக்கு ஓடினாள். அம்மா மகாதேவி ஆறுதலாகப் பருப்பைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, கடவுளே எண்டு அந்தத் தட்டைத் தாங்கோ! வெறுங்கோப்பையாக் குடுத்தா அந்தக் குதிரை கடிக்குமோ?”

“சாப்பாடு வந்த கோப்பையை வெறுமையாத் திருப்பிறேல்லை. எத்தினை தரம் சொல்லுறது?”

அப்பா இறந்த அன்று ஹெர் கெர்லாக், ரொலேட்டர் என்கிற அந்தச் சில்லு வண்டியைப் பிடித்தபடி மெல்ல நடந்து வந்து, அந்தத் தட்டில் ஆப்பிள் கேக் தந்தார். அவரிடம் இருந்ததில் நல்ல தட்டு அதுதானாம்.

துடக்கு வீட்டிலிருந்து சாப்பாடு போகக்கூடாது என்று அம்மா முப்பத்தொரு நாள் தட்டை அலுமாரியில் வைத்தாள். துடக்குக் கழிவதற்குள் மனிசன் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். வரட்டும், அவர் கையில்தான் கொடுப்பேன் என்றாள்.

மணி விடாமல் அலறியது.

சரி, கொடுப்பதுதான் கொடுக்கிறாள், டின்னுக்குள் அரியதரப் பணியாரம் இருக்கிறது. நாலை எடுத்து வைத்தால் முடிந்தது. அம்மா டின்னைத் தொடவே இல்லை. காலையில் குப்பை போடக் கீழே போய் வந்ததிலிருந்து வெறும் சோறும் பருப்பும்தான் சமைக்கிறாள்.

நிருஷா பார்த்துக்கொண்டிருக்கவே, நூற்றைம்பது வருடக் குதிரைவீரனின் தலையில் ஓர் அகப்பைப் பருப்பு விழுந்தது.

“அம்மா!”

அம்மா தட்டை ஏந்திக்கொண்டு போய்த் தானே கதவைத் திறந்தாள்.

மகன் தட்டைப் பார்த்தான். மஞ்சள் பருப்புக்கு வெளியே வாள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அவன் கழுத்து நரம்பு புடைத்தது.

அம்மா இரண்டு கையாலும் நீட்டினாள்.

“சாப்பிடச் சொல்லு, பிள்ளை. செத்தவீட்டிலை அடுப்பு மூட்டமாட்டினம்.”

“என்ன விசர்க்கதை? ஆர் செத்தது?”

“கீழை குப்பையடியிலை அந்த ஐயாவின்ரை ரொலேட்டர் கிடக்கு.”

நிருஷா மொழிபெயர்க்க வாய் திறந்தாள். தேவைப்படவில்லை. அந்த ஒரு சொல் அவனுக்கும் விளங்கியிருந்தது.

மணியில் இருந்த விரல் மெல்லக் கீழே இறங்கியது.

“அப்பா போனது வியாழக்கிழமை,” என்றான்.