பேர்னில் எங்கே தங்குவது

ஜன்னலோர மேசை காலியாகத்தான் இருந்தது. மகேந்திரராஜா அங்கிள் அதைத் தாண்டிப் போய், சுஜீவா அன்ரியும் அவருடைய சிநேகிதிகளும் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்த மேசைக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஹோம்புஷ் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் அந்தக் கடையில் மாலை நேர இரைச்சலில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. அவர் பேசியது எல்லோருக்கும் கேட்டது.

"ஸ்ரீகாந்த், பேர்னில எந்த ஹொட்டேலில நிக்கலாம் எண்டு வடிவாச் சொல்லும்."

பேர்னுக்கு நான் இரண்டு முறை போயிருக்கிறேன். எங்கள் குடியிருப்பில் யார் ஐரோப்பா கிளம்பினாலும் முதலில் என்னிடம் வந்து கேட்பார்கள். கேட்காதவர்களுக்கு நானே கதவைத் தட்டிப் போய்ச் சொல்வேன். என் மனைவி யாமினிக்கு அதில் கொஞ்சம் வெட்கம்.

பழைய நகரத்துக்கு உள்ளேயே தங்கிவிடுங்கள் என்றேன். மூன்று பக்கமும் ஆறு வளைந்து ஓடுகிறது. எவ்வளவு மழை பெய்தாலும் கல் வளைவுகளுக்குக் கீழே கடைகளைப் பார்த்துக்கொண்டு நனையாமல் நடக்கலாம். மணிக்கூண்டுக்கு மட்டும் மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்பே போய் நின்றுவிட வேண்டும். சேவல் கூவி, கரடிப் பொம்மைகள் ஊர்வலம் போவது மணி அடிப்பதற்கு முன்னால்தான். இது தெரியாமல் பாதிப் பேர் வெறும் மணியைக் கேட்டுவிட்டுத் திரும்புகிறார்கள்.

ஆற்றங்கரையில் நிஜக் கரடிகளும் உண்டு என்றேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

ரோஜாத் தோட்டத்துக்கு ஏறினால் மொத்த ஊரின் கூரைகளும் தெரியும் என்றேன். கைப்பேசியைத் துடைத்து மேசைமேல் வைத்தார்.

"அது கிடக்கட்டும். ஹொட்டேலைச் சொல்லும்."

எனக்கு எரிச்சலாக வந்தது. என் கரடிகளைக் கேட்காததற்காக மட்டும் இல்லை.

அவருடைய கூடப்பிறந்த தம்பி அருந்தவன் இருப்பது அதே பேர்னில். மணிக்கூண்டிலிருந்து டிராம் ஏறினால் கொஞ்ச தூரம்தான். அருந்தவன் தன் மகளின் கல்யாணச் செய்தியை அண்ணனுக்குப் போனில் சொல்லாமல் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். அண்ணன் கல்யாணத்துக்குப் போகவில்லை. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. மூத்தவன் முதலில் போன் செய்வதா என்று இவர். வராதவருக்கு நான் ஏன் செய்வது என்று அவர். ஒன்பது வருஷம் ஓடிவிட்டது.

போன மாதம் அருந்தவனுக்கு பைபாஸ் ஆபரேஷன் நடந்தது. அந்தச் செய்திகூட ஊர் சுற்றித்தான் இவருக்கு வந்து சேர்ந்தது.

சொந்தம் இருக்கும் ஊரில் போய் ஹோட்டலில் தங்குவது இவர்கள் ஊர் வழக்கத்தில் சின்ன விஷயம் இல்லை. உனக்கும் எனக்கும் இனி ஒன்றுமில்லை என்று ஊரைக் கூட்டிச் சொல்வதுபோல. படுக்கையில் கிடக்கும் தம்பிக்கு அதையும் செய்யப் பார்க்கிறாரே, இவரெல்லாம் ஒரு அண்ணனா என்று எனக்குக் கசந்தது.

கசப்போடுதான் சொன்னேன். மணிக்கூண்டுக்குப் பின்னால் ஒரு நாலு நட்சத்திர ஹோட்டல் இருக்கிறது. காலைச் சாப்பாடு அங்கேயே. ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கு அந்த ஊரில் டிராம் இலவசம்.

இப்போது ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார், இன்னும் சத்தமாக.

"நாலு நட்சத்திரம். சாப்பாடும் அங்கையே. பிறகென்ன, பேர்னில ஒருத்தரின்ரை வீட்டையும் போகத் தேவையில்லை."

சுஜீவா அன்ரியின் கையில் வடை பாதியில் நின்றது.

அன்ரியின் மச்சாள் இருப்பது அருந்தவனுக்கு அடுத்த தெருவில். அன்ரி வடையைத் தட்டில் வைத்துவிட்டு, விரலைத் துடைத்து, கைப்பேசியோடு வெளியே போனார். யார் காதில் விழக்கூடாதோ அவர் காதருகிலேயே உட்கார்ந்து அங்கிள் பேசுகிறாரே, விவரம் கெட்ட மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கிள் அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. நான் தேவாலயக் கோபுரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ ஆறி ஆடை படிந்தது.

கைப்பேசி அடித்தது.

அவர் உடனே எடுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்டினார். பிறகு எடுத்தார்.

அந்தப் பக்கத்துக் குரல் எனக்கே கேட்டது.

"நான் உயிரோடை இருக்க, நீங்கள் ஹொட்டேலிலையோ நிக்கப் போறியள், அண்ணை?"

அங்கிள் கைப்பேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"சரியடா... ஓமடா, வீட்டைதான் வாறன். நீ கத்தாதை. நெஞ்சு நோகும்."

வெகுநேரம் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். வைத்த பிறகு மேசையில் இருந்த காகிதத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, ஏற்கெனவே ஏதாவது ஹோட்டல் போட்டிருந்தால் இன்றைக்கே கேன்சல் செய்துவிடுங்கள், தாமதித்தால் பணம் திரும்பாது என்றேன்.

"ஆர் ஹொட்டேல் போட்டது? டிக்கெட் மட்டுந்தான் போட்டனான். அவனுக்கு நெஞ்சைத் திறந்ததெண்டு கேள்விப்பட்ட அண்டைக்கே."

பிறகு பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, பக்கத்து மேசைக்கு இன்னொரு தட்டு வடை, சூடாகக் கொடுக்கச் சொன்னார்.

சுஜீவா அன்ரி இன்னும் வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தார்.