ஆறு பெருக்கல் குறி

"ஏழு வருஷத்துல தொண்ணூத்தி மூணு புயல் வரும்னு சொல்லியிருக்கான். வந்தது முப்பத்தெட்டு. இதைவிட என் முழங்கால் வலி நல்லாச் சொல்லும்" என்றேன்.

கூடம் சிரித்தது. அசரையா மட்டும் சிரிக்கவில்லை. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

கிறிஸ்துமஸ் முடிந்து பன்னிரண்டு நாள் காற்றைப் பார்த்து, வருஷம் முழுவதற்கும் புயல் நாள் குறிப்பவன் அவன். பட்டியல் டீசல் கொட்டகைக் கதவில் தொங்கும். அதில் புயல் என்று எழுதிய நாளில் கொட்டகை திறக்காது. வெயில் கொளுத்தினாலும் சரி, ஒரு படகும் கிளம்பாது. அவன் அப்பா காலத்திலிருந்து எங்கள் குடாவில் அதுதான் சட்டம்.

அந்தப் பட்டியல் இனித் தொங்கக் கூடாது. மீனவர் சங்கத்தின் டிசம்பர் கூட்டத்துக்கு நான் கொண்டுவந்த தீர்மானம் அது. என் கையில் ஏழு வருஷ நோட்டு. அவன் சொன்னபடி புயல் வந்திருந்தால் டிக். வராவிட்டால் பெருக்கல் குறி. நாலாம் வகுப்புப் படிப்புக்கு அது போதும்.

"நியூஃபவுண்ட்லாந்து ரேடியோ ரெண்டு நாளுக்கு மேல வானிலை சொல்றதில்லையே, கார்லண்ட்" என்றார் சங்கத் தலைவர் ஆம்ப்ரோஸ். "பட்டியலை எடுத்துட்டா வேற எதைப் பார்க்கிறது?"

"உங்க வீட்டுப் பூனையைப் பாருங்க. பாதியாவது சரியாச் சொல்லும்."

"பையன் விஷயத்தை மனசுல வச்சுக்கிட்டுப் பேசறே" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"வச்சுக்கிட்டுத்தான் பேசறேன்!"

என் மகன் வெஸ்லி. ஏழு வருஷத்துக்கு முன்னால், அக்டோபர் ஒன்பது. பட்டியலில் அந்த நாளுக்கு எதுவும் எழுதவில்லை. அதை நம்பிக் கடலுக்குப் போனான். மத்தியானம் புயல் வந்தது. படகின் ஒரு பலகைகூடக் கரைக்கு வரவில்லை.

"அது போகட்டும். மனுஷன்னா தப்பு வரும்" என்றபடி நோட்டைப் புரட்டினேன். "ஆனா இதைக் கேளுங்க. அக்டோபர் ஒன்பது, புயல். வந்துச்சா? வரல. மறு வருஷம் அக்டோபர் ஒன்பது, புயல். அதுவும் வரல. இப்படி ஆறு வருஷம்! என் பையன் போன தேதியில வருஷா வருஷம் ஒரு பொய்ப் புயல். என்னைக் குத்திக் காட்டாம வேற எதுக்கு?"

சிரிப்பு அடங்கிவிட்டது.

"அசரையா, அந்த ஆறும் காத்துல பார்த்துச் சொன்னதா?" என்று கேட்டார் ஆம்ப்ரோஸ்.

"இல்ல."

"பின்னே?"

"சும்மா எழுதினேன். அடுத்த வருஷமும் எழுதுவேன்."

"கொழுப்பைப் பாரு!" என்று யாரோ கத்தினார்கள்.

"எங்கிட்ட அவனுக்கு எப்பவும் எகத்தாளம்தான்" என்றேன். "வெஸ்லி போன மறு வருஷம் நடுக்கடல்ல என் எஞ்சின் நின்னுபோச்சு. கயிறு கட்டி இழுத்துட்டு வந்தான். அன்னிலேர்ந்து என்னையே விலைக்கு வாங்கிட்ட மாதிரி பார்க்கிறான்."

ஆம்ப்ரோஸ் எழுந்தார். "பேசினது போதும். பட்டியல் வேண்டாம்கிறவங்க கையைத் தூக்குங்க."

பதினொரு கை.

"வேணும்கிறவங்க?"

அதுவும் பதினொன்று.

"கார்லண்ட், தீர்மானம் உன்னோடது. நீ இன்னும் கையே தூக்கலியே?"

நோட்டைப் பிடித்திருந்ததில் மறந்தே போயிருந்தேன். அதை இடது கைக்கு மாற்றினேன்.

அப்போதுதான் என் மனைவி மெல்வினா தேநீரோடு வந்தாள். கோப்பையை மேஜையில் வைத்தவள் என் வலது மணிக்கட்டைப் பிடித்தாள். காதோரம் குனிந்தாள்.

"அந்தத் தேதியை எழுதச் சொன்னது நான்."

"நீயா?"

"மெதுவா. மறு வருஷம் அதே தேதியில தனியாக் கிளம்பினியே, ஞாபகம் இருக்கா? வலை பூரா வீட்டுலயே கிடந்துச்சு. உன் கல்யாண மோதிரம் மாவு டப்பா மேல இருந்துச்சு. அதைப் பார்த்துட்டு அசரையா வீட்டுக்கு ஓடினவ நான்தான்."

மற்ற கையால் கோப்பையை என் பக்கம் நகர்த்தினாள்.

"உன் எஞ்சினுக்கு ஒண்ணுமில்லையாம். ஒரே சுத்துல கிளம்புச்சாம். ஊர் ஏதும் கேட்டுடக் கூடாதுன்னு கயிறு கட்டி இழுத்துட்டு வந்தான். டீசல் கிடைக்காட்டி அன்னிக்கு நீ போகமாட்டேன்னுதான் அடுத்த வருஷத்துலேர்ந்து அந்தப் புயல்."

கையை விட்டுவிட்டு அடுத்த பெஞ்சுக்குத் தேநீர் ஊற்றப் போய்விட்டாள்.

"என்னப்பா, தூக்கறியா இல்லியா?" ஆம்ப்ரோஸுக்குப் பொறுமை போய்விட்டது.

அசரையா என் பக்கமே திரும்பவில்லை. தொப்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தான்.

நோட்டை மேஜையில் விரித்தேன். பென்சிலை எடுத்து அந்த ஆறு பெருக்கல் குறியையும் கோடு போட்டு அடித்தேன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் டிக் போட்டேன்.

"தூக்கல, தலைவரே. என் நோட்டுலதான் தப்பு. அந்த ஆறு நாளும் புயல் வந்துச்சு."

"என்ன உளர்றே? ஆறு நாளும் நல்ல வெயில்! ஊரே பார்த்துச்சு!"

"உங்க பக்கம் வெயில்தான்" என்றேன். "எங்க வீட்டுல அடிச்சுது."