பலகைக் குளியலறை

செராங்கூன் ரோட்டு மளிகைக் கடைக்கு மேலே, மெல்லிய பலகைகளில் தார் பூசி எழுப்பிய குளியலறை அது. கால் வைத்தாலே அதிரும். இன்று தச்சர் மருதப்பன் வந்து பார்ப்பதாக இருந்தது.

தங்கம் குளித்துக்கொண்டிருந்தபோது கூடத்தில் பேச்சுக் கேட்டது.

"உள்ள தண்ணி கோத்திருக்கு. மேலாகப் பார்த்தா தெரியாது. மூணு மாசம் தாங்கினாலே பெருசு."

"தங்கத்துகிட்ட சொல்லிடாதீங்க, பயந்துடுவா," என்றான் அவள் கணவன் காத்தமுத்து.

காலடியில் பலகை அப்போதே உடைவதுபோல் இருந்தது. ஈரப் புடவையோடு வெளியே ஓடி வந்தாள்.

"ஏன் மருதப்பண்ணே, நான் உள்ள இருக்கேன்ல! கூப்பிட்டுச் சொல்லக் கூடாதா?"

கூடத்தில் மருதப்பன் இல்லை. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

இருமலை அடக்கியபடி, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே காத்தமுத்து சொன்னான்:

"பாத்ரூமுக்கு ஒண்ணுமில்ல, தங்கம்."